எனக்கு இன்னொரு கால் இருந்தது

கால் நகம் தசைக்குள் வளர்ந்ததற்காக ஒரு மனுசி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வேறு யாருக்காவது வந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். மருந்து கட்டிய தாதி மிஸ்தான் என்னை எழுதச் சொன்னார். நாள் முழுக்க றப்பர் சப்பாத்துப் போட்டு வேலை செய்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர், அவர்களுக்கு உதவும் என்றார். அதற்காகத்தான் தொடங்கினேன். ஆனால் எழுத எழுத நகத்தைப் பற்றியது பாதியாகவும் மற்றது பாதியாகவும் வந்துவிட்டது.

ரீற்றா என்று நான் எழுதுவது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. ஊரையும் சொல்லப் போவதில்லை. மன்னார்த் தீவில் ஒரு கரையோரம் என்பது போதும்.

நானும் ரீற்றாவும் ஒரே வாங்கில் இருந்து எட்டாம் வகுப்புவரை படித்தவர்கள். இப்போது நண்டுக் கொம்பனியில் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று வேலை செய்கிறோம். அவித்த நண்டு தட்டுத் தட்டாக வரும். ஓட்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையை எடுத்து, தரம் தரமாகப் பிரிக்க வேண்டும். சதைக்குள் ஒரு ஓட்டுத் துண்டு கிடந்தாலும் சுப்பவைசர் தட்டைத் திருப்பி அனுப்புவார். ரீற்றாவின் தட்டு ஒரு நாளும் திரும்பி வந்ததில்லை. துண்டு விடாதவள் என்று அவளுக்குப் பெயர்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், பங்குச் சுவாமி பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். தவக்காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் காணிக்கைப் பைக்குள் பெயர்த் துண்டுகளைப் போட்டுக் கோயில் மூப்பர் எடுப்பார். என்றைக்கும் ஆண்களின் பெயர்தான். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று பாப்பரசர் அறிவித்த பிறகும் எங்கள் ஊரில் சில வருடங்கள் ஒருவரும் அதைப் பேசவில்லை. புதிதாக வந்த சுவாமிதான், இந்த வருடம் எட்டு ஆண்கள், நான்கு பெண்கள் என்றார். மூன்றாவது பெண்ணாக என் பெயரை மூப்பர் வாசித்தார்.

நான் கூச்ச சுபாவம். பள்ளியில் வாசிக்க எழுப்பினால் எனக்குக் குரல் வராது. செபமாலைக் கூட்டத்தில் என் முறை வரும்போது பக்கத்தில் இருக்கிறவள்தான் சத்தமாகச் சொல்லுவாள். என் நாற்பத்தொன்பது வயதில் ஒருவரும் என்னை ஒன்றுக்கும் முன்னுக்குக் கூப்பிட்டதில்லை. இதிலும் ஒருவரும் என்னைத் தெரிந்தெடுக்கவில்லை, துண்டுதான் தெரிந்தெடுத்தது. அதனால்தானோ என்னவோ எனக்குப் பயம் வரவில்லை. கதிரையில் இருக்க வேண்டும், காலை நீட்ட வேண்டும். பேசத் தேவையில்லை. எனக்கென்றே செய்த காரியம்போல் இருந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க மனதுக்குள் காலை நீட்டிக்கொண்டே வந்தேன்.

ரீற்றாவின் பெயர் வரவில்லை. "என்ரை பேர் வந்தால் என்ன, உன்ரை பேர் வந்தால் என்ன" என்றாள். பிறகு மேசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "எங்கடை பிலோமினாவின்ரை காலுக்கு வந்த காலத்தைப் பாத்தீங்களே. இனி நிலத்திலை நடக்க மாட்டா. தூக்கிக்கொண்டுதான் போகவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கால் கழுவப்படப் போகிறவர்கள் காலைக் கழுவிக்கொண்டுதான் போவார்கள். எங்கள் ஊரில் இது பழக்கம். சுவாமி குனிந்து பிடிக்கும்போது ஊத்தையாய் இருந்தால் எவ்வளவு வெட்கம். என்னைப் பெற்ற ஐயா ஒரு வருடம் பன்னிருவரில் ஒருவராக இருந்தார். வள்ளத்துத் தார் காலில் பிடித்திருந்ததால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு போனார். அந்த மணத்துக்குச் சுவாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார். என் கால் அதைவிட மோசம். எட்டு மணித்தியாலம் ஈரச் சப்பாத்துக்குள் கிடந்து வெளிறிச் சுருங்கிய கால். நகங்கள் மஞ்சளாகித் தடித்திருந்தன.

"ஆறு கிழமை இருக்குது. நான் வடிவாக்கித் தாறன்" என்றாள் ரீற்றா.

அந்தக் கிழமையே என் வீட்டு விறாந்தையில் வெந்நீருக்குள் என் காலை ஊறவிட்டு, கத்தரிக்கோலால் நகம் வெட்டினாள். நேராக வெட்டினால் மண்வெட்டிபோல் இருக்கும் என்று இரண்டு மூலைகளையும் ஆழமாகத் தோண்டி அரைவட்டமாக எடுத்தாள். வலது பெருவிரலின் உட்புற மூலையில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. கொஞ்சம் இரத்தம் வந்தது.

"முடிஞ்சுது. இனிப் பார், பொம்பிளைப் பிள்ளையின்ரை கால்மாதிரி இருக்குது."

உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது. நான் அடிக்கடி குனிந்து பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அந்த மூலை நோகத் தொடங்கியது. சப்பாத்துப் போட்டால் ஒரு முள்ளின் மேல் விரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. பிறகு ஓரம் சிவந்து வீங்கி, தோலுக்குப் பக்கத்தில் சின்னதாகச் சிவப்புத் தசை புடைத்து வந்தது. தொட்டால் இரத்தம். அடுத்த கிழமை சீழ்.

இங்கேதான் நான் பிழை விட்டேன். தவக்காலத்தில் எங்களுக்கு ஒறுத்தல் முக்கியம். இறைச்சியை விடுவார்கள், வெற்றிலையை விடுவார்கள், சிலுவைப்பாதைக்கு வெறுங்காலோடு நடப்பார்கள். நான் எதை விடுவது என்று தெரியாமல் இருந்தவள், இந்த நோவையே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் சப்பாத்துக்குள் காலை வைக்கும்போது ஒப்புக்கொடுக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லுவேன். காலைக் கழுவுவதற்கு முன் கால் படுகிற பாடு நல்ல ஆயத்தம் என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் வெறுங்காலோடு பதினான்கு தலத்துக்கும் நடந்தேன். வெறும் முட்டாள்தனம். ஆனால் அப்போது அது பக்தியாகத்தான் தெரிந்தது.

ரீற்றாவுக்கு மட்டும் காட்டினேன். கொம்பனியில் உடம்பில் புண் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சப்பாத்துக்குள் இருப்பதை ஒருவரும் பார்க்கப் போவதில்லைத்தான், என்றாலும் சொல்லாதே என்று கேட்டேன்.

"நான் ஏன் சொல்லுறன். நகச்சுத்துத்தானே, எலுமிச்சம்பழத்தை ஓட்டை போட்டு விரலைச் செருகு. ஒப்புக்கொடுத்தது ஒப்புக்கொடுத்ததுதான், இடையிலை விடாதை. பாஸ்காத் திருநாள் முடியட்டும், ரெண்டு பேருமாய்ப் போய்க் காட்டுவம்."

பெரிய வியாழனுக்கு ஒன்பது நாள் இருக்க, குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, மேசையில் நின்றபடியே எனக்குக் குளிரத் தொடங்கியது. நண்டின் ஓடு கையில் இருந்து நழுவியது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் வலது சப்பாத்து வரவில்லை. கால் உள்ளே வீங்கியிருந்தது. என் மனுசன் அருளப்பு வலை வெட்டும் கத்தியை எடுத்து வந்து சப்பாத்தை மேலிருந்து கீழே கிழித்தார். காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"எத்தினை நாளாய் இது?"

"ரெண்டு மூண்டு கிழமை."

"ஆருக்குத் தெரியும்?"

"ரீற்றாக்கு மட்டும்."

"ஒரு வீட்டிலை இருக்கிறன். எனக்குச் சொல்லேல்லை, ரீற்றாக்குச் சொன்னனி."

அந்தச் சொல் அப்போது எனக்குச் சுடவில்லை. காய்ச்சல் அதைவிடச் சுட்டது.

அடுத்த நாள் காலை பட்டினத்து ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு எடுத்து வாங்கில் இருந்தோம். முன்னுக்குப் பின்னுக்கு எல்லோரும் பெரிய பெரிய வருத்தக்காரர். ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் கைப்பிள்ளைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். உங்களுக்கு என்ன என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டபோது "கால்" என்று மட்டும் சொன்னேன். நகம் என்று சொல்ல வாய் வரவில்லை.

டொக்டர் இளம் பெடியன், சிங்களவர், தமிழ் பழகியவர். காலைப் பார்த்ததும் அவர் முகத்துச் சிரிப்பு நின்றுவிட்டது. சிவப்பு விரலைத் தாண்டிப் புறங்காலின் பாதிவரை ஏறியிருந்தது. ஒரு பேனையை எடுத்து அந்தச் சிவப்பின் எல்லையைச் சுற்றிக் கோடு கீறினார்.

"அம்மா, இந்தக் கோடு இருக்குத்தானே. சிவப்பு இதுக்கு வெளியே போனா நல்லமில்லை. உள்ளே வந்தா நல்லம். வீட்டுக்குப் போக ஏலாது."

கிருமி புண்ணில் இருந்து தோலுக்கு அடியில் பரவியிருக்கிறது, அது மேலே ஏறினால் இரத்தத்தில் கலக்கலாம் என்று மிஸ் விளக்கினார். முதலில் நாளத்தில் மருந்து ஏற்றிக் கிருமியை அடக்குவார்கள், பிறகு நகத்தின் ஓரத்தை எடுப்பார்கள். இரத்தத்தில் சீனியும் பார்த்தார்கள். நீரிழிவு வருத்தம் என்று சொல்ல ஏலாது, ஆனால் கரையில் நிற்கிறது என்றார்கள். சீனி வருத்தத்தோடு காலில் புண் வந்தவர்களை எனக்குத் தெரியும். விரல் இல்லாமல் வந்தவர்களையும் தெரியும்.

அப்படி ஒருவர் எனக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தார். மறிச்சுக்கட்டியில் இருந்து வந்த முஸ்லிம் அக்கா, கதீஜா ராத்தா. இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது, புண் ஆறுவதற்காகக் கிடந்தார். நான் போர்வையை முகத்துக்கு இழுத்து அழுவதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, எத்தின விரல் எடுக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

"விரல் இல்லை ராத்தா. நகம்."

"நகமா? நகத்துக்கா இந்த அழுக? நான் ரெண்டு விரலக் குடுத்திட்டு இரிக்கன், என்ட கண்ணுல தண்ணி இல்ல. உன்ட நகத்த எடுத்தா இன்னொண்டு மொளைக்கும். என்ட விரல ஆரு மொளைக்க வைக்கிற?"

நான் சிரித்துவிட்டேன். அழுகையும் நின்றுவிட்டது. அந்த நான்கு நாளும் ராத்தாதான் எனக்குத் துணை. காலை விழித்ததும் என் போர்வையை விலக்கி, "கோடு எங்க நிக்கிது பாப்பம்" என்பார். முதல் நாள் சிவப்பு கோட்டின் மேலேயே நின்றது. இரண்டாம் நாள் ஒரு விரல் அகலம் உள்ளே வந்திருந்தது. எனக்கு அதைப்போல ஒரு சந்தோசம் என் கலியாணத்தன்றும் வந்திருக்காது.

வியாழன் பின்னேரம் ரீற்றா வந்தாள். இடியப்பமும் ஒட்டிமீன் சொதியும் கொண்டுவந்தாள். என் கையில் ஊசி குத்தியிருந்ததால் அவளே குழைத்துத் தந்தாள். மேசைக் கதை எல்லாம் சொன்னாள். என் இடத்தில் ஒரு புதுப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்களாம், தட்டு நாலு தரம் திரும்பி வந்ததாம். பிறகு கேட்டாள்:

"எத்தினை நாளைக்குக் கட்டு இருக்குமாம்?"

"ரெண்டு மூண்டு கிழமை. தண்ணி படப்படாதாம்."

"அப்ப பெரிய வியாழன்?"

"நான் டொக்டரிட்டைக் கேட்டனான். கதிரையிலை இருக்கலாமாம். வலது காலுக்குத்தானே கட்டு, நான் இடது காலை நீட்டுவன்."

அவள் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள். "ஓம், இடது காலை நீட்டு. கால் கால்தானே" என்றாள். வலையில் அகப்பட்டதுபோல் இருந்த என் தலைமயிரைக் கையால் கோதிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு ராத்தா சொன்னார்: "உன்ட கூட்டாளி கால ஒருக்கா விலக்கிப் பாக்கல்ல புள்ள. நாளத்தான் எண்ணினா."

ராத்தாவுக்குச் சந்தேகக் குணம் என்று நினைத்தேன். சொதி நல்லாய் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தியேட்டருக்குக் கொண்டு போனார்கள். பெரிய தியேட்டர் அல்ல, சின்ன ஒப்பரேசன்களுக்கான அறை. முழிப்போடுதான் செய்தார்கள். பயப்படுகிறவர்களுக்காக உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நோவது ஊசி மட்டும்தான். விரலின் அடியில் ஒரு பக்கம் ஒன்று, மற்றப் பக்கம் ஒன்று. மருந்து உள்ளே போகும்போது விரல் வெடிப்பதுபோல் இருக்கும். பத்து எண்ணுவதற்குள் அது குறைந்து, விரல் என்னுடையது இல்லை என்பதுபோல் ஆகிவிடும். பிறகு இரத்தம் வராமல் இருக்க விரலின் அடியில் ஒரு றப்பரை இறுக்கிக் கட்டினார்கள். உயிர் நண்டு கடிக்காமல் இருக்கக் கடிக்காலில் நாங்கள் கட்டுவதும் அதே மாதிரி றப்பர்தான். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

டொக்டர் நகம் முழுவதையும் எடுக்கவில்லை. உட்புற ஓரத்தில் நெடுக ஒரு ஒடுங்கிய கீற்றை வேர்வரை வெட்டி, கொறட்டால் பிடித்து உருட்டி இழுத்தார். பிறகு பஞ்சில் ஒரு மருந்தைத் தோய்த்து அந்த வேரில் அழுத்தி வைத்தார். அப்படிச் செய்தால் அந்த ஓரத்தில் இனி நகம் முளைக்காது. புடைத்திருந்த தசையையும் வழித்து எடுத்தார். இவ்வளவும் ஒரு தட்டு நண்டு துப்பரவாக்கும் நேரம்தான் எடுத்தது.

கட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதில் மீன்முள்ளுப்போல் கூரான ஒரு நகத் துண்டு இருந்தது.

"அம்மா, இது யார் வெட்டினது?"

"ஒரு கூட்டாளி."

"நல்லா வெட்டியிருக்கிறாங்க" என்று சிரித்தார். மூலையைத் தோண்டி வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஒரு கூர் மிஞ்சிவிடும். நகம் வளர வளர அந்தக் கூர் முன்னுக்கு வராமல் தசையைக் குத்திக்கொண்டு போகும். ஈரத்தில் ஊறிய கால், இறுக்கமான சப்பாத்து என்றால் இன்னும் கெதியாய்ப் போகும். நகத்தை எப்போதும் நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தொடவே கூடாது.

துண்டு விடாத ரீற்றா எனக்குள் ஒரு துண்டை விட்டிருக்கிறாள் என்று நினைத்துக் கட்டிலில் கிடந்து சிரித்தேன். அவளுக்குச் சொன்னால் எப்படி முழிப்பாள் என்று யோசித்தேன். கோபம் ஒரு துளியும் வரவில்லை. தெரியாமல் செய்ததுதானே.

சனிக்கிழமை வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி அனுப்பினார்கள். அருளப்பு என்னுடைய பழைய சப்பாத்து ஒன்றின் முன்பக்கத்தை, கட்டுப் போட்ட விரல் உரசாத அளவுக்குப் பார்த்துப் பார்த்து வெட்டி, விளிம்புக்குத் துணி வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். வலை பொத்துகிற தையல். ராத்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்டு தைச்சுத் தாங்க தம்பி, விரல் ரெண்டு இல்லாததால துணி மிச்சம்" என்றார்.

குருத்தோலை ஞாயிறு நான் கோயிலுக்குப் போகவில்லை. காலை உயர்த்தி வைத்துக் கிடக்க வேண்டும். அருளப்பு மட்டும் போய் எனக்கும் ஒரு குருத்தோலை கொண்டுவந்தார். அதைப் படத்தில் செருகிவிட்டு, சோறு வடிக்கப் போனார். மூன்று நாளும் அவர்தான் சமைத்தார். கடலுக்கும் போகவில்லை. வழக்கத்தைவிட என்னோடு குறைவாகப் பேசினார். களைப்பு என்று நினைத்தேன்.

புதன்கிழமை மருந்து கட்டப் போனோம். ஒட்டியிருந்த துணியை உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுப்பார்கள். எனக்கு ஒப்பரேசனைவிட அதுதான் நொந்தது. புண் நன்றாக ஆறுகிறது, கட்டு நனையாவிட்டால் சரி, நாளை கோயிலுக்குப் போகலாம் என்றார் மிஸ். பஸ்ஸில் வரும்போது அருளப்பிடம் கேட்டேன்.

"நாளைக்குப் பன்னிரண்டு பேரும் எத்தினை மணிக்கு வரவேணுமாம்? மூப்பரிட்டை ஒருக்காக் கேளுங்கோ. வெள்ளைச் சீலையும் மடிக்க வேணும்."

அவர் வெளியே பார்த்தார்.

"உன்ரை பேர் இல்லை."

"என்ன?"

"ஞாயிற்றுக்கிழமை கோயில் கதவிலை ஒட்டியிருந்தது. உன்ரை பேர் இருந்த இடத்திலை ரீற்றாவின்ரை பேர்."

"ஞாயிற்றுக்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"கால் ஆறட்டும் எண்டு பாத்தன்" என்றார். பிறகு, "நீயும் எனக்குச் சொல்லேல்லைத்தானே" என்றார். குத்திச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மூன்று நாள் சோறும் அந்தக் குருத்தோலையும் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். யாரோ சுவாமிக்குப் பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள், ரீற்றா வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு இன்னொரு கால் இருந்தது. அதைப் போய் நானே சொன்னால் முடிந்துவிடும். என்ன சொல்ல வேண்டும் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "சுவாமி, எனக்கு வலது கால்தான் ஏலாது. இடது காலை நீட்டுறன்." இவ்வளவுதான். ஒரு சின்னப் பிள்ளையும் சொல்லும்.

பெரிய வியாழன் வெள்ளைச் சீலை உடுத்து, வலது காலில் வெட்டிய சப்பாத்தும் இடது காலில் செருப்புமாக, பூசைக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போனேன். இடது காலை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தேன். சுவாமி பூசைக்கு ஆயத்தமாகும் அறையில் நின்றார். என்னைக் கண்டதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ பிலோமினா, இருங்கோ. கால் எப்பிடி? ரீற்றா எல்லாம் சொன்னவ. பாவம், நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலை கிடந்துகொண்டும் கோயிலை யோசிச்சிருக்கிறீங்கள். எனக்குப் பதிலாய் நீ போய் இரு எண்டு நீங்கள்தானே அவவைக் கேட்டனீங்கள்?"

நான் சுவாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் தண்ணீர்க் குவளையும் தாம்பாளமும் மடித்த துவாய்களும் இருந்தன. துவாய்களை எண்ணினேன். பன்னிரண்டு. இல்லை என்று சொன்னால் ரீற்றா பொய்க்காரி ஆகிவிடுவாள், பூசைக்கு முன் அவளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவும் ஒரே நேரத்தில் என் தலைக்குள் ஓடியது.

"ஓம் சுவாமி" என்றேன்.

அந்த ஓம் என் வாயில் இருந்து வந்ததுதான். அதற்கு நான் ரீற்றாவைக் குறை சொல்ல முடியாது.

பின்வாங்கில் போய் இருந்தேன். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரை. மூன்றாவது பெண்ணாக ரீற்றா. வெள்ளைச் சீலையில் வடிவாகத்தான் இருந்தாள். சுவாமி ஒவ்வொருவராகக் குனிந்து, தண்ணீர் ஊற்றி, துடைத்து வந்தார். அவள் முறை வந்தபோது அவள் வலது காலை நீட்டினாள். கண்ணை மூடியிருந்தாள். கழுவி முடிந்த பிறகும் அவள் காலை உடனே இழுக்கவில்லை. அவளுக்கும் அது எவ்வளவு ஆசையாய் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆசையாய் இருக்குது, எனக்குத் தா என்று கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனோ? தெரியாது. அவள் கேட்கவில்லை.

பூசை முடிந்ததும் வாசலில் என்னிடம் வந்தாள். என் கட்டுக் காலைத்தான் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கோவமே? உன்ரை கட்டைச் சனம் பாத்துக் கதைக்கும் எண்டுதான் பிலோ. நீ கூச்சப்படுவாய் எண்டு எனக்குத் தெரியுந்தானே."

எனக்குத் தெரியுந்தானே என்றாள். வாங்கில் பக்கத்தில் இருந்த நாளில் இருந்து என்னை அவளுக்குத் தெரியும். நான் சுவாமியிடம் ஓம் என்றுதான் சொல்லுவேன் என்பதும் தெரிந்திருக்கும். அருளப்பு சைக்கிளோடு நின்றார், போய்ப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

புண் ஆற ஒரு மாதம் எடுத்தது. நகம் இப்போது முந்தியதைவிட ஒடுக்கம், ஓரத்தில் தோல் மூடியிருக்கிறது. நோவு இல்லை. சீனி கிளினிக்குக்குக் கொப்பி போட்டு, தவறாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள். கொம்பனியில் ஒரு அளவு பெரிய சப்பாத்துக் கேட்டு வாங்கினேன். கேட்க இரண்டு நாள் எடுத்தது. இடைவேளையில் அதைக் கழற்றிக் காலைத் துடைத்து உலரவிடுகிறேன். அருளப்போடு முன்போலத்தான். ஆனால் நோவு என்றால் அன்றே சொல்லிவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். ரீற்றாவும் நானும் அதே மேசைதான், அதே எதிரெதிர்தான். தட்டைத் தள்ளு, கத்தியைத் தா என்றுகூட நான் அவளோடு பேசவில்லை. அவள் நகம் வெட்டியதை மன்னிக்க எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. மற்றதைச் செபத்தில் பல தடவை வைத்துப் பார்த்தேன். இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டது என்று எழுதினால் பொய்.

போன மாதம் ஒரு நாள் இடைவேளையில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரீற்றாவும் ஒரு மூலையில் சப்பாத்தைக் கழற்றினாள். வலது சப்பாத்தை இழுக்கும்போது உதட்டைக் கடித்தாள். எனக்கு அந்தக் கடி தெரியும். பார்த்தேன். பெருவிரல் நகம் அரைவட்டமாக, மூலை தோண்டி வெட்டியிருந்தது. ஓரம் சிவந்து மினுங்கியது. அவள் சட்டென்று மற்றக் காலால் அதை மறைத்தாள். அப்போதுதான் நான் பார்ப்பதைக் கண்டாள்.

எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல், குனிந்து சொன்னேன்.

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. எலுமிச்சம்பழம் வைக்காதை."

பெரிய வியாழனுக்குப் பிறகு அவளோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்காமல் என் இடத்துக்கு வந்து சப்பாத்தைப் போட்டேன். மணி அடித்தது. மேசையில் ஒன்பது பேர் நின்றோம். எல்லோரும் என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

அவள் காலில் கண்டதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.